பிரஷர் பார்க்கத் தாதி போதும்



பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரம் சொந்தக் கிளினிக். அங்கே பிரஷர் பார்ப்பது, மருந்து எண்ணுவது, கணக்கு முடிப்பது எல்லாம் நாங்களேதான். வீடு போய்ச் சேர, பிள்ளைகள் நித்திரை.

முதலில் பிரஷர் பார்ப்பதைத் தாதியிடம் விட்டோம். அளக்க முன்னர் நோயாளி 5 நிமிடம் பேசாமல், முதுகு சாய்த்து, கால்களை நிலத்தில் ஊன்றி இருக்க வேண்டும். அவசரப்படும் வைத்தியருக்கு அந்த 5 நிமிடம் எங்கே? தாதிக்கு இருந்தது. வைத்தியரைக் கண்டதும் ஏறுகிற பிரஷர் தாதியிடம் அவ்வளவு ஏறுவதுமில்லை.

இன்சுலின் அளவை மாற்றுவது எங்கள் பொறுப்பு, அதைக் கொடுக்கமாட்டோம். 180க்கு 110ஐத் தாண்டினால் உடனே கூப்பிடவேண்டும் என்று மேசையில் எழுதி ஒட்டினோம். எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான் கொஞ்ச நாள் எடுத்தது!

கணக்குக் கொப்பி இன்னும் எங்கள் கையில்தான். அதை எப்படிக் கைமாற்றுவது என்று கொமர்ஸ் படித்த சகோதரிகள் தேநீர் நேரத்தில் சொல்லித்தாருங்கள்.