கூரைக்கும் ஒரு போர்வை

குளிர்நாட்டார் சுவரிலும் கூரையிலும் பஞ்சு முதலியவற்றை வைத்து, கதவிடுக்குகளையும் அடைத்துக் குளிரைத் தடுக்கின்றனர். புழலில் வாழும் நமக்கு அதனால் என்ன பயன்? சென்னையில் 1905 சனவரியில் குளிர் 13.9 டிகிரி சென்டிகிரேட் வரை இறங்கியதே பேரளவு. 2003 மே மாதத்திலோ வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. நமக்குப் பகை வெயிலே.

எனினும் தத்துவம் ஒன்றுதான். ‘கம்பளி சூடு தருமா?’ என்று வகுப்பில் நான் கேட்பதுண்டு. ‘தரும்’ என்பர் மாணவர். தராது, இழைகளிடையே காற்றை அசையாது நிறுத்தி, வெப்பத்தின் போக்கைத் தடுக்கிறது, அவ்வளவே. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை மரத்தூள் காத்ததும் இவ்வாறே. அதைச் சேமிக்க 1842-இல் எழுந்த கட்டடம் சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கிறது.

பழைய ‘மெட்ராஸ் டெரஸ்’ தளத்தில் தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லும், செங்கற்சல்லியிட்ட சுண்ணாம்புக் காரையும், தட்டோடும் அடுக்கடுக்காய் அமைந்தன. தட்டோடு பதியாத கான்கிரீட் தளமோ பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் உமிழ்கிறது. தகரக் கூரை பகலெல்லாம் சுடுகிறது. முதியோரும் குழந்தைகளும் உறக்கமின்றி நலியக் காண்கிறோம்.

ஆகவே பங்குனியிலேயே மாடித்தளத்திற்கு இருமுறை வெண்சுண்ணாம்பு பூசுங்கள். தகரத்தின்கீழ் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கிற்பாய் கட்டுங்கள். அடுப்புக்கு மேலே மட்டும் வேண்டா.

ஆனால் இடுக்குகளை அடைப்பதில் குளிர்நாட்டாரைப் பின்பற்றலாகாது. கோடை நண்பகலில் மேற்குச் சாளரத்தை மூடுங்கள். எண்ணூர்ப் பக்கமிருந்து கடற்காற்று வந்ததும் கிழக்குச் சாளரத்தைத் திறவுங்கள். கூரையடியிலுள்ள காற்றுத்துளைகளை ஒருநாளும் அடைக்காதீர்கள்; மேலெழும் வெப்பம் வெளியேற அதுவே வழி.