மூடிய சிப்பியும் இணையப் பெயரும்

இணையத்தில் முகவரியாக வழங்கும் பெயர்களை, பின்னால் ஒருவருக்கு விற்கலாம் என்று கருதி முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொள்ளும் வாணிகம் இன்று இளைஞர் பலரை ஈர்க்கிறது. இதைக் குறித்து முத்துக்குளித்துறையினராகிய நாம் சொல்லத்தக்கது சிறிது உண்டு, நேயர்களே.

நம் கடற்கரையில் சிப்பியைத் திறந்து பார்த்து விலை பேசியதில்லை. கரைசேர்ந்த சிப்பிகளை மூடியபடியே, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலம் கூறினார்கள். உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆயினும் அது வெறும் சூதன்று. குளிப்புக்கு முன்பே பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, கிடைத்த முத்துக்களை வணிகரைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பருமன் பிரிப்பார்கள்; பிறகு உருட்சியும் ஒளியும் பார்ப்பார்கள்.

சிப்பியை அறிந்தால் மட்டும் போதாது. அணிபவரையும் அறிய வேண்டும். ஜப்பானியரின் வளர்ப்பு முத்து 1920களில் உலகச் சந்தைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பாரசீக வளைகுடாவின் முத்து வாணிகம் நொடித்தது. கடலில் சிப்பி அற்றுப்போனதாலன்று. வாங்குவோர் கை மாறியதால். (நம் துறையில் 1961க்குப் பின் குளிப்பு நின்றது வேறு கதை, இங்கே பார்களே வறண்டன.)

பெயருக்கு மாதிரி எடுப்பது எவ்வாறு? அவ்வகைப் பெயர்கள் என்ன விலைக்குக் கைமாறின என்று பார்க்க வேண்டும். விற்பவர் கேட்கும் விலை கணக்கில் சேராது. அப்பெயரை வேண்டுவோர் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ண முடிய வேண்டும். தூத்துக்குடி உப்பு என்ற பெயரை இவ்வூர் உப்பு வணிகர் பலர் விரும்பக்கூடும். நானே புனைந்த அழகிய சொல்லை என்னைத் தவிர எவரும் விரும்பார். தமிழாசிரியர்களுக்கு இந்தச் சபலம் அதிகம். எழுத்துக்கூட்டலும் முக்கியம். நம் ஊரையே ஆங்கிலத்தில் டூட்டிகொரின் என்று எழுதுவோரும் உண்டு, தூத்துக்குடி என்று எழுதுவோரும் உண்டு. தேடுகிறவர் எதைத் தட்டச்சிடுவார்?

பிறருடைய வணிகப் பெயரைப் பதிந்துகொண்டு அவரிடமே விலை பேசுவது வாணிகமாகாது. இணையப் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று, சத்யம் இன்ஃபோவே நிறுவனம் சிஃபி என்ற பெயர் குறித்துத் தொடுத்த வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்று. சிப்பிக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் தீர்ந்தது. பெயருக்கோ பதிவைப் புதுப்பிக்கும்தோறும் கட்டணம். நூறு பெயர் வைத்திருப்பவர், ஒன்றும் விற்காத ஆண்டிலும் நூற்றுக்கும் செலுத்த வேண்டும். வாங்கும் நாளிலேயே இந்தச் செலவையும் முதலோடு சேர்த்து எழுதிக்கொள்வதும், தவணை முடியும்வரை ஒருவரும் விசாரிக்காத பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதும் நல்லது.