இடிபாட்டின் மீது விழும் வெயில்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எக்ஸ்றே பார்க்கும் வைத்தியரைச் சித்திரம் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இரண்டும் அவ்வளவு தூரமில்லை. எக்ஸ்றே பிலிமில் எலும்பு வெள்ளையாகத் தெரிவது, கதிர் அவ்விடத்தை அதிகம் எட்டாததால். செப்புத்தகட்டுச் செதுக்கலிலும் கருவி தொடாத இடமே வெள்ளை. மரச்செதுக்கலில் மறுதலை, வெட்டி எடுத்த இடம்தான் வெளிச்சமாக அச்சாகும்.

குடியேற்றநாட்டுச் செயலாளராக இங்கிருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட 'சிலோன்' நூலில் பொலன்னறுவை இடிபாடுகளும் படமாகியுள்ளன. அக்கால இடிபாட்டுப் படங்களில் மூன்று பொருள்கள் அடிக்கடி வரும்: சாய்ந்த வெயில், சுவரைப் பிளந்த மரம், மூலையில் ஒரு சின்ன மனிதன். வெயில் "எல்லாம் முடிந்தது" என்று சொல்லும். மனிதன் தூணின் உயரத்துக்கு அளவுகோல், முகம் இராது. இதில் எனக்கு உடன்பாடில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் எடுத்த படங்கள் பலவும் இதே அமைப்புத்தான். கூரையில்லாச் சுவர், தூரத்தில் முக்காடிட்ட ஒரு பெண். படம் அழகு. ஆனால் அவள் தன் வீட்டு அத்திவாரத்தைத் தேடிக்கொண்டு நின்றவள்.

இன்னொன்று. சாய்ந்த வெயில் உதயமா அஸ்தமனமா என்று படம் தானாகச் சொல்லாது. சித்திரம் படிக்கும் தங்கைமாரே, முதலில் நிழலைப் பாருங்கள். எமது கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். நிழல் ஊர்ப்பக்கம் நீண்டால் அது காலை.