வூசா கொண்டுவந்த தகவல்



போலீஸ் வேலையில் 25 வருஷம் காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்ற ஒருவர் என்ன செய்வார்? சொந்த ஊருக்குத் திரும்புவார். தோட்டம் துரவைப் பார்த்துக்கொள்வார். சாலமன் தீவுகளைச் சேர்ந்த ஜேக்கப் வூசாவும் 1941-இல் அப்படித்தான் குவாடல்கனால் தீவில் தன் ஊர்ப்பக்கம் போனார். ஒரு வருஷம்கூட நிம்மதியாக உட்கார முடியவில்லை. யுத்தம் வாசலுக்கே வந்துவிட்டது.

சாலமன் தீவுகள் ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கின்றன. அன்றைக்கு அவை பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்தன. தலைநகரம் துலாகி, ஒரு குட்டித் தீவு. கையளவு வெள்ளைக்கார அதிகாரிகளைத் தவிர அங்கே அரசாங்கம் என்று இருந்தது போலீஸ் படைதான். அதில் வூசா 1916-இல் சேர்ந்தார்.

அந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. சாலை கிடையாது. ஜீப் கிடையாது. மாவட்ட அதிகாரி ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போனால் போலீஸ்காரர்தான் முன்னே நடந்து வழி காட்டுவார். ஆற்றைக் கடக்க எந்த இடம் தோது, எந்த ஊரில் யாருக்கும் யாருக்கும் பகை, இதெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்க வேண்டும். 60-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் நாடு அது. மலைக்கு அந்தப்பக்கம் போனால் இந்தப்பக்கத்துப் பேச்சு எடுபடாது. பிஜின் என்கிற கலப்பு மொழிதான் எல்லோரையும் சேர்த்துக் கட்டியது. போலீஸ்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதிகாரியிடம் சொல்ல வேண்டும். எத்தனை பேர், கையில் என்ன வைத்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் போனார்கள். இந்த மூன்றையும் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல போலீஸ்காரர்.

இன்னொரு பக்கமும் உண்டு. தலைவரி கட்டாதவரைப் பிடித்து வருவதும் அதே போலீஸ்காரர் தலையில்தான் விழுந்தது. தன் ஜனத்திடமிருந்தே வரி வசூல் செய்து அன்னிய அரசாங்கத்திடம் கொடுக்கிற வேலை. வூசா சார்ஜென்ட் மேஜர் வரைக்கும் உயர்ந்தார். அதற்கு மேலிருந்த நாற்காலிகள் வெள்ளைக்காரர்களுக்கு. வீரக்கதை சொல்கிறவர்கள் பொதுவாக இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது, அதனால் சொல்லிவைக்கிறேன்.

1942 மே மாதம் ஜப்பானியப் படை துலாகியைப் பிடித்தது. ஜூலையில் எதிரே இருந்த குவாடல்கனாலில் இறங்கி, லுங்கா சமவெளியில் விமானத்தளம் போட ஆரம்பித்தது. அந்தத் தளம் முடிந்துவிட்டால் அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வரும் கப்பல் பாதைக்கே ஆபத்து.

பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள். மார்ட்டின் கிளெமென்ஸ் என்ற இளம் மாவட்ட அதிகாரி மட்டும் ஒரு ரேடியோவோடு குவாடல்கனால் மலைக்காட்டுக்குள் ஏறிக்கொண்டார். ஆஸ்திரேலியக் கடற்படை அந்தத் தீவுகளெங்கும் 'கடலோரக் காவலர்கள்' என்று ஒரு வலை விரித்திருந்தது. ஒளிந்திருந்து, எதிரியின் கப்பலையும் விமானத்தையும் பார்த்து ரேடியோவில் தகவல் சொல்வது அவர்கள் வேலை. ரேடியோ என்றதும் கையடக்கமான பெட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். பாட்டரி, சார்ஜ் போடும் எஞ்சின் எல்லாம் சேர்த்துத் தூக்க ஒரு டஜன் ஆட்களுக்கு மேல் வேண்டும். தூக்கியவர்கள் தீவுக்காரர்கள். பார்த்துவந்து சொன்னவர்களும் தீவுக்காரர்கள். சிலர் ஜப்பானியரிடமே கூலிக்குப் போய் மண் சுமந்தபடி பீரங்கிகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள்.

ஓய்வு பெற்ற வூசா தானாகவே வந்து கிளெமென்ஸோடு சேர்ந்துகொண்டார்.

ஆகஸ்ட் 7-ஆம் தேதி அமெரிக்க மரீன் படையின் முதல் டிவிஷன் கரையிறங்கி, அரைகுறையாக நின்ற விமானத்தளத்தைப் பிடித்தது. அந்த நாட்களில் வூசா, சுடப்பட்டு விழுந்த ஓர் அமெரிக்க விமானியைக் காப்பாற்றி மரீன்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதிலிருந்து அவர்களுக்கே வேவு பார்க்கத் தொடங்கினார். யாரோ நினைவுக்காக ஒரு சின்ன அமெரிக்கக் கொடியைக் கொடுத்தார்கள். அதை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டார்.

ஆகஸ்ட் 18-ஆம் தேதி இரவு, கர்னல் இச்சிகி கியோனாவோவின் தலைமையில் 900-க்கும் மேற்பட்ட ஜப்பானிய வீரர்கள் கிழக்கே தைவு முனையில் இறங்கினார்கள். இரண்டு நாள் கழித்து ரோந்து போன வூசா அவர்கள் கையில் சிக்கினார். சோதித்தபோது கொடி அகப்பட்டது. அவர் யாருடைய ஆள் என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று.

ஒரு மரத்தில் கட்டிவைத்தார்கள். அமெரிக்கர்கள் எத்தனை பேர், பீரங்கிகள் எங்கே என்று கேட்டார்கள். வூசா வாய் திறக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். பயனெட்டால் கை, தோள், முகம், வயிறு என்று குத்தினார்கள். தொண்டையிலும் குத்து விழுந்தது. கடைசியில் செத்துப்போவார் என்று விட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

அவர் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். நடந்தும், நடக்க முடியாத இடத்தில் ஊர்ந்தும், காட்டு வழியாக அமெரிக்கக் காவல் வரிசையை நோக்கி வந்தார். அந்த இருட்டில், மொழி தெரியாத, பதற்றத்தில் விரலை விசையில் வைத்திருந்த சிப்பாய்களிடம் சுடப்படாமல் வந்து சேர்ந்ததே பெரிய காரியம். மருத்துவம் அப்புறம், முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன் என்று நின்றார். ஜப்பானியர் வருகிறார்கள், 250 பேர், ஒருவேளை 500 பேர்.

எண்ணிக்கை சரியில்லைதான். உண்மையில் வந்தவர்கள் ஏறக்குறைய 800 பேர். கட்டுண்டு அடிபட்டுக்கொண்டிருந்தவர் கண்ணில் பட்டதை வைத்துப் போட்ட கணக்கு அது. ஆனால் தகவல் அதே அச்சில்தான் இருந்தது: 25 வருஷமாக மாவட்ட அதிகாரிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய அச்சு. அவர் வலியைத் தாங்கியதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வியப்பாக இருப்பது, அந்த நிலையிலும் அவர் மனசு எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது என்பதுதான்.

பிறகு கிளெமென்ஸை வரவழைத்தார்கள். பிழைக்கமாட்டோம் என்று நினைத்த வூசா, மனைவி மக்களுக்குக் கடைசியாக ஒரு சேதி சொல்ல, கிளெமென்ஸ் எழுதிக்கொண்டார்.

வூசா தனியாளாக மரீன்களைக் காப்பாற்றினார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. முந்தின நாளே ஒரு மரீன் ரோந்துப் படை ஜப்பானிய முன்னணிக் குழு ஒன்றை மடக்கி வரைபடங்களைக் கைப்பற்றியிருந்தது. ஏதோ வரப்போகிறது என்று வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். வூசா வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வெடிச்சத்தமும் ஆரம்பித்துவிட்டது. அவர் தந்தது, வருவது இன்றிரவே என்ற உறுதி. மிகைப்படுத்தாமல் சொன்னாலும் அவர் சின்னவராகிவிட மாட்டார்.

ஆகஸ்ட் 21 விடியற்காலை நடந்த அந்தச் சண்டையில் இச்சிகியின் படை அழிந்தது. கிட்டத்தட்ட 800 பேர் ஆற்று முகத்துவார மணலிலும் தென்னந்தோப்பிலும் செத்துக் கிடந்தார்கள். இச்சிகியும் திரும்பவில்லை. அமெரிக்கத் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 40 பேர். சரித்திரப் புத்தகங்கள் இதை 'டெனாரு சண்டை' என்கின்றன. வேடிக்கை என்னவென்றால் சண்டை நடந்தது டெனாரு ஆற்றில் அல்ல, இலு ஆற்றில். அமெரிக்கர்களின் வரைபடம் தப்பு. அங்கே பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டிருந்தால் சரியான பேரைச் சொல்லியிருப்பார்கள்.

வூசாவுக்கு 16 பைன்ட் ரத்தம் ஏற்றியதாகப் பதிவு. ஏழு லிட்டருக்கு மேல். ஒரு மனித உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் சொச்சம். 12 நாளில் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தார். மரீன் டிவிஷனின் தளபதி ஜெனரல் வாண்டெகிரிஃப்ட் தன் கையாலேயே வெள்ளி நட்சத்திரப் பதக்கம் குத்தினார். மரீன் படையின் கௌரவ சார்ஜென்ட் மேஜர் ஆக்கினார்கள். பிரிட்டிஷ் அரசு ஜார்ஜ் பதக்கம் தந்தது. பதக்கத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நவம்பரில் கர்னல் கார்ல்சனின் மரீன் ரெய்டர் படை எதிரிக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு மாதம் காடு மலையெல்லாம் அலைந்தபோது, வழிகாட்டிகளுக்குத் தலைவராக முன்னே நடந்தவரும் இவர்தான்.

1943 பிப்ரவரியில் ஜப்பானியர் தீவை விட்டு வெளியேறினார்கள். குண்டில் செத்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் அவர்களில் அதிகம். ஜப்பானியர் அதைப் பட்டினித் தீவு என்றே அழைத்தார்கள்.

யுத்தம் தீவுக்காரர்களுக்கு வேறு எதையோ காட்டிவிட்டுப் போயிற்று. அமெரிக்க முகாம்களில் கப்பல் சாமான் இறக்கத் தொழிலாளர் படையில் சேர்ந்த தீவு இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் ஒரு பவுன். அதே முகாமில் கறுப்பின சிப்பாய்கள் உடையிலும் சாப்பாட்டிலும் வெள்ளைக்காரருக்குக் குறைவில்லாமல் இருந்ததை அவர்கள் பார்த்தார்கள். மலாய்ட்டா தீவில் 'மாசினா ரூரு' என்ற இயக்கம் எழுந்தது. எங்கள் ஊரை நாங்களே ஆள்கிறோம், வெள்ளைக்காரத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வரமாட்டோம் என்றது. தலைவர்களை அரசு சிறையில் தள்ளியது. குவாடல்கனாலுக்கும் அது பரவியது. வூசாவுக்கும் அதில் நாட்டம் இருந்தது. ஒருகாலத்தில் தலைவரி வசூலித்த கை அது என்பதை நினைத்தால், அந்த மனிதருக்குள் என்னென்ன புரண்டிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

அரசு 1949-இல் அவரை மாவட்டத் தலைவராக்கியது. 1952 முதல் 58 வரை குவாடல்கனால் கவுன்சிலின் தலைவராக இருந்தார். 1968-இல் மரீன்களின் விருந்தினராக அமெரிக்கா போய் வந்தார். 1978-இல் நாடு விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு சர் பட்டம் வந்தது. கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழைய போலீஸ்காரர் 'சர் ஜேக்கப்' ஆனார்.

புதிய தலைநகரமான ஹோனியாரா, அமெரிக்கப் படை விட்டுப்போன தகரக் கொட்டகைகளைச் சுற்றி வளர்ந்த ஊர். அங்கே ரோவ் பகுதியில், போலீஸ் தலைமையகத்தின் அருகே அவருக்கு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். 1984 மார்ச் 15-ஆம் தேதி அவர் காலமானார். அதற்குக் கொஞ்ச காலம் முன்பு, பிரயாணம் செய்ய உடம்பு இடம் கொடுக்காத நிலையில், மரீன்களுக்குப் பிஜினில் ஒரு சேதி அனுப்பினார். எல்லோரையும் நேசிக்கிறேன் என்று சொல்லுங்கள். கிழவனாகிவிட்டேன், இப்போது பார்க்க நன்றாகவும் இல்லை. ஆனால் மறக்கவில்லை என்று சொல்லுங்கள் என்பது அதன் சாரம்.