சாட்சியத்தை யார் கொண்டுவர வேண்டும்?

மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளியில் நிகழ்த்திய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு



ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் நினைவாக அவருடைய மாணவர்கள் இந்த அறக்கட்டளையை நிறுவியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் வீட்டு விறாந்தையில் சனம் கூடும். பிள்ளையைத் தேடுகிறவர்கள், வீடு எரிந்தவர்கள், கணவனின் மரணச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள் என்று எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பார். எழுதிய ஒவ்வொன்றுக்கும் பிரதி எடுத்து, திகதி போட்டு, கட்டி வைப்பார். அவர் பெயரால் பேசக் கிடைத்த இந்த மேடையில், போரில் பறிகொடுத்தவர்கள் நட்டஈட்டுக்கு விண்ணப்பிப்பதைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று நினைத்தேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு போனவர்களிடம்தான் அதற்கான பதிவு இருக்கும். பறிகொடுத்தவளிடம் போய் ஆதாரம் கேட்பது முறையாகாது. எந்த நாட்டு நட்டஈட்டுச் சட்டத்தையும், அது யாரிடம் சாட்சியம் கேட்கிறது என்பதை வைத்தே நாம் எடைபோட வேண்டும். இதை விளக்க, இந்த விஷயத்தில் நீண்ட அனுபவம் உள்ள யூத மக்களின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

கொடுப்பதா, வாங்குவதா?

யூதர்களின் துயரம் நமக்குத் தூரத்துக் கதை என்று யாரும் எண்ண வேண்டாம். ஜேர்மனியின் எஸ்சன் நகரில் 1925இல் பிறந்த ஒரு யூதச் சிறுமி, பதின்மூன்று வயதில் தனியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டாள். அவளுடைய பெற்றோரை நாசிகள் கொன்றார்கள். பிறகு அவர் இலங்கையர் ஒருவரை மணந்து இங்கு வந்து, ஆன் ரணசிங்க என்ற கவிஞராக வாழ்ந்து, 2016இல் கொழும்பில் காலமானார். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்செயலில் கொழும்பு எரிந்ததைக் கண்டு அவர் கவிதை எழுதினார். தன் சிறுவயதில் கண்ட தீயை அவர் இங்கும் அடையாளம் கண்டார்.

போர் முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1951 செப்டெம்பரில், மேற்கு ஜேர்மனியின் அரசாங்கத் தலைவர் அடினவர் பாராளுமன்றத்தில் எழுந்து, ஜேர்மன் மக்களின் பெயரால் செய்யப்பட்ட குற்றங்களுக்குப் பொருள்வழியிலும் ஈடு செய்யும் கடமை உண்டு என்றார். அடுத்த மாதமே 23 யூத அமைப்புகள் நியூயோர்க்கில் கூடி, உரிமை கோருவதற்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கின.

அந்தக் காசை வாங்குவதா என்ற கேள்வி இஸ்ரேலைப் பிளந்தது. 1952 ஜனவரியில் மெனாகெம் பெகின் தலைமையில் ஜெருசலேமில் பெருங்கூட்டம் திரண்டது. கல்லெறி பாராளுமன்றக் கட்டடம் வரை வந்தது. இரத்தக் காசு வேண்டாம் என்றது ஒரு பகுதி. உயிர் தப்பி வந்தவர்களுக்குக் கூரையும் சோறும் வேண்டுமே என்றது மற்றப் பகுதி. பாராளுமன்றத்தில் பேச்சுவார்த்தைக்கு ஆதரவாக 61 வாக்கு, எதிராக 50. அந்த ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி லக்சம்பர்க்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், யூதக் கூட்டமைப்புக்கு 45 கோடி மார்க் என்று முடிவாயிற்று. தனிமனிதர்களுக்கான நட்டஈட்டுச் சட்டங்கள் 1953இலும் 1956இலும் வந்தன.

படிவத்தின் முன் நின்றவர்கள்

சட்டம் வந்ததும் கண்ணீர் துடைக்கப்பட்டது என்று நினைக்கலாம். நடந்தது வேறு. முகாமில் அடைபட்ட ஒரு மாதத்துக்கு 150 மார்க் என்று விலை வைத்தது சட்டம். உடல்நலம் கெட்டதற்கு மாதப்படி வேண்டுமானால், உழைக்கும் வலு குறைந்தது 25 வீதம் போயிருக்கிறது என்றும், அது நாசிக் கொடுமையால் போனது என்றும் வைத்தியர் எழுத வேண்டும். அவுஷ்விற்சில் குடும்பத்தையே இழந்தவருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை என்றால், அது அவருடைய பிறவிச் சுபாவம் என்று எழுதிய வைத்தியர்களும் இருந்தார்கள். வில்லியம் நீடர்லாண்ட் போன்ற உளமருத்துவர்கள், தப்பிப் பிழைத்தவர்களின் மனக்காயத்துக்கு மருத்துவ மொழியில் பெயர் கொடுத்து, இந்த மறுப்புகளை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள்.

சிலர் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டார்கள். சிந்தி, ரோமா மக்கள் 1943க்கு முன் துன்புறுத்தப்பட்டது இனத்தின் பெயரால் அல்ல என்று 1956இல் ஜேர்மனியின் உயர்நிலை நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்த நிலைப்பாட்டை அது மாற்றிக்கொள்ள 1963 ஆயிற்று. கட்டாய உழைப்பில் தேய்ந்தவர்களுக்கு 2000ஆம் ஆண்டில்தான் அரசும் கம்பனிகளும் சேர்ந்து 1000 கோடி மார்க்கில் நிதியம் அமைத்தன. அதற்குள் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

இந்த நீண்ட கதையில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. கெட்டோ என்ற அடைப்புக் குடியிருப்புகளில் வேலை செய்தவர்களுக்கு ஓய்வூதியம் தர 2002இல் ஒரு சட்டம் வந்தது. ஏறத்தாழ 70,000 பேர் விண்ணப்பித்தார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் நிராகரிக்கப்பட்டன. “நீங்கள் விரும்பிச் செய்த வேலையா? கூலி கிடைத்ததா?” என்று படிவம் கேட்டது. எண்பது வயதுக்காரர்கள் தமக்கு விளங்கியபடி பதில் எழுதினார்கள், அந்தப் பதிலே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. யான்-ரொபர்ட் பொன் ரெனெஸ்ஸ என்ற நீதிபதி மட்டும் படிவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மறுத்தார். இஸ்ரேலுக்கே போய், முதியவர்களை நேரில் உட்கார வைத்து, அவர்கள் வாயால் சொல்லக் கேட்டார். வரலாற்றாசிரியர்களை வைத்து அந்த ஊர்களின் நிலையை ஆராய்ந்தார். படிவத்தில் தோற்ற பலரின் கதை நேர்ப் பேச்சில் உண்மையாய் நின்றது. 2009இல் உயர் சமூக நீதிமன்றமும் சட்டத்துக்கு விரிவான பொருள் கண்டது. பின்னர் 2014இல், 1997 முதல் நிலுவை கொடுக்கச் சட்டமே திருத்தப்பட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜேர்மனியில் பாட் அரோல்சன் என்ற சிறு நகரில், முகாம்களின் பெயர்ப்பட்டியல்கள், வேலை அட்டைகள், மரணப் பதிவேடுகள் என்று ஏறத்தாழ 3 கோடி ஆவணங்கள் சேர்ந்துகிடக்கின்றன. கொன்றவர்கள் எழுதிவைத்த கணக்குகள் பல அங்கே உண்டு. கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் தப்பியவருக்கு, அவரை அடைத்தவனின் பதிவேடே சாட்சியாயிற்று.

ஆற்றுக்கு இந்தப் பக்கம்

இனி நம் கதைக்கு வருகிறேன். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் ஊர்மக்கள் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூன் 12ஆம் திகதி கொக்கட்டிச்சோலையிலும் மகிழடித்தீவிலும் அதுவே நடந்தது. இந்தப் பெயர்களை நான் வரிசையாகச் சொல்வது, வேதனைக்கு இனமும் மதமும் கிடையாது, நட்டஈட்டுக்கும் அது இருக்கக்கூடாது என்பதற்காக.

கொக்கட்டிச்சோலை சம்பவத்தை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. கண்ணிவெடியில் இராணுவத்தினர் இறந்த பின், பழிக்குப் பழியாகப் பொதுமக்கள் 67 பேர் கொல்லப்பட்டதாக அது கண்டது. நட்டஈடு கொடுக்கவும் சிபாரிசு செய்தது. ஆனால் இராணுவ நீதிமன்றத்தில் படையினர் 19 பேர் கொலையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். பொறுப்பாயிருந்த அதிகாரி, ஆட்களைக் கட்டுப்படுத்தத் தவறியதற்கும் உடல்களை முறைகேடாக அகற்றியதற்கும் மட்டும் குற்றவாளியானார். காசு ஒரு கையால் வந்தது, நீதி மறு கையால் பறிபோனது. வாவியின் மேற்குக் கரையான இந்தப் படுவான்கரைச் சனம் நட்டஈடு என்றதும் முகம் சுளிப்பதன் வேர் இங்கே இருக்கிறது.

நட்டஈட்டுக்கென ஓர் அதிகாரசபை 1987 முதலே இருந்தது. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இலும், இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டம் 2018இலும் வந்தன. இறந்தார் என்று சொல்லாமல், ஆள் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழும் 2016இல் சட்டமாயிற்று. மரணச் சான்றிதழ் வாங்க மனம் ஒப்பாத தாய்க்கு அது பெரிய ஆறுதல். 2022இல் காணாமல் போனவரின் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபா என்று அமைச்சரவை முடிவெடுத்து, பிறகு இரண்டு லட்சமாக்கியது. ரூபாவின் மதிப்பு சரிந்து, எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற ஆண்டு அது.

காணாமல் போன மகனைத் தேடும் ஓர் அம்மாவுக்காக நான் சட்டத்தரணியாக இருந்து பார்த்த ஒரு கோப்பை உங்களுக்கு விரித்துக் காட்டுகிறேன். துணிக்கடைப் பைக்குள் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் இன்னொன்று. அடியில் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மை மங்கி, நிலையத்தின் முத்திரை மட்டும் தெரிகிறது. அதன்மேல் செஞ்சிலுவைச் சங்கத்தின் அட்டை. கிராம சேவகரின் கடிதம் மூன்று, மூன்று உத்தியோகத்தர்களின் கையெழுத்தில். சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி. அடையாள அட்டைக்கு எடுத்த பொடியனின் படம். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் தகப்பனின் பெயரில் ‘போடி’ என்ற பட்டம் உண்டு, அடையாள அட்டையில் இல்லை. அந்த இரண்டெழுத்துக்காகக் கோப்பு திரும்பி வந்திருந்தது. “மனே, ரெண்டும் ஒரே மனிசன்தானே” என்றார் அந்த அம்மா. அதற்கு மறுமொழி சொல்ல எந்தச் சட்டப் புத்தகத்திலும் எனக்கு வரி கிடைக்கவில்லை.

2007 மார்ச்சில் ஷெல்லுக்குப் பயந்து இந்தப் பக்கத்து ஊர்கள் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு ஓடியபோது, குழந்தையைத் தூக்கியவர்களுக்குக் கோப்பைத் தூக்கக் கை இல்லை. வெள்ளம் கொண்டுபோனது கொஞ்சம், யானை வீட்டை உடைத்தபோது போனது கொஞ்சம். நகரத்துக்குப் போய் ஒரு கடிதம் எடுப்பதென்றால் குருமண்வெளிப் பாதை என்ற மிதவைப் படகிலோ பட்டிருப்புப் பாலத்தாலோ ஆறு கடந்து, பஸ் பிடித்து, ஒரு நாள் கூலி போய்விடும். “அந்த உத்தியோகத்தர் இன்றைக்கு லீவு” என்றால் இன்னொரு நாள் கூலியும் போகும்.

இத்தனையும் எதற்காக? மகனைக் கொண்டுபோனதை நிரூபிக்க. கொண்டுபோன ஜீப்பின் ஓட்டப் பதிவு, முகாமின் வரவுப் புத்தகம், அன்றைய கடமைப் பட்டியல் இவை எந்தக் காலத்திலாவது அந்தத் தாயின் கைக்கு வந்திருக்குமா? ஆயுதக் குழுக்கள் பிடித்தவர்களுக்கும் இதே கேள்விதான். அரசின் பதிவேடுகளைத் திறக்க அரசால் முடியும், குழுக்களில் இருந்தவர்களை அழைத்து விசாரிக்கவும் அரசால் முடியும். அவளால் எதுவும் முடியாது.

“காசை வாங்கினா எல்லாம் முடிஞ்சிரும்”

தாய்மார் பலர் இதைச் சொல்லி விண்ணப்பிக்க மறுக்கிறார்கள். 2017 பெப்ரவரி முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரம் அமர்ந்து போராடியவர்களின் நிலைப்பாடும் அதுவே. அவர்களுடைய ஐயம் வீண் ஐயம் அல்ல. காணாமல் போனோர் அலுவலகம் கண்டறிவது எதுவும் குற்றவியல் பொறுப்பையோ குடியியல் பொறுப்பையோ உண்டாக்காது என்று அதன் சட்டமே சொல்கிறது.

ஆனாலும் ஒன்றைப் பணிவோடு சொல்கிறேன். ஜேர்மனி நட்டஈடு கொடுத்ததால் வழக்குகள் மூடப்படவில்லை. நாசிக் குற்றங்களை ஆராய லுட்விக்ஸ்பர்க்கில் 1958இல் ஒரு மத்திய அலுவலகம் திறந்தார்கள். அவுஷ்விற்சில் கணக்கு எழுதிய ஒஸ்கார் குரோனிங் 2015இல் தண்டிக்கப்பட்டார். முகாமொன்றில் தட்டெழுத்தாளராக இருந்த பெண் 97 வயதில், 2022இல், குற்றவாளியானார். நட்டஈடும் வழக்கும் இரு தனி வழியாக நடந்தன. அங்கே குற்றம் செய்த ஆட்சி தோற்று வீழ்ந்திருந்தது, இங்கே அதே அரசு தொடர்கிறது என்ற வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. அதனாலேயே நமக்கு எழுத்தில் உறுதி வேண்டும். வாங்கும் காசு வழக்கையோ தேடலையோ உரிமையையோ பாதிக்காது என்று ஒவ்வொரு கொடுப்பனவுக் கடிதத்திலும் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள் என்று கேட்போம். வாங்குவதும் மறுப்பதும் அந்தத் தாயின் உரிமை. வாங்கினவளை ஊர் பழிக்கக்கூடாது, மறுத்தவளை அதிகாரி அதட்டக்கூடாது.

கேட்பதும் செய்வதும்

அரசிடம் நான்கு கோரிக்கைகள். ஒன்று, ஓர் இடத்தில் கூட்டமாக ஆட்கள் கொண்டுபோகப்பட்டது ஆணைக்குழுவால் ஏற்கப்பட்டிருந்தால், அந்தச் சம்பவத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே நிரூபிக்க வேண்டியதில்லை என்று விதி செய்யுங்கள். இரண்டு, மறுக்கும் பொறுப்பை அதிகாரி ஏற்கட்டும். ஒரு தாய் சொன்னதை ஏற்காவிட்டால், எந்தப் பதிவேட்டைப் பார்த்து ஏற்கவில்லை என்று எழுத்தில் காரணம் தரட்டும். மூன்று, எழுத்துப் பிழைக்கும் பெயர் வேறுபாட்டுக்கும் கோப்பைத் திருப்பாமல், பிரதேச செயலகத்திலேயே திருத்தும் அதிகாரம் கொடுங்கள். நான்கு, ரெனெஸ்ஸ செய்தது போல அலுவலகமே ஊருக்கு வரட்டும். மண்டூரிலும் பழுகாமத்திலும் தும்பங்கேணியிலும் நாற்பதாம் கொலனியிலும் உட்கார்ந்து, தாய்மார் தங்கள் பேச்சில் சொல்வதைக் கேட்டு எழுதட்டும்.

நமக்கும் வேலை உண்டு. வந்தாறுமூலையில் முகாமை நடத்திய பல்கலைக்கழக ஆசிரியர்கள் நெருப்புக்கு நடுவிலும் கணக்குப் பதிந்தபடியால்தான் 158 என்ற எண்ணை இன்று யாராலும் மறுக்க முடியவில்லை. சாட்சி சொல்லக்கூடியவர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். மாணவர்களே, இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் ஒரு பதிவேடு தொடங்குங்கள். பெயர், திகதி, இடம், கண்டவர் யார், எங்கே முறையிட்டார்கள் என்று ஐந்தையும் கேட்டு எழுதுங்கள். பையில் கிடக்கும் ஒவ்வொரு கடதாசியையும் படம் எடுத்து, ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பிரதியைக் கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ வையுங்கள். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்குங்கள்.

அறக்கட்டளைக் குழுவினர் இந்த ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதியை அந்தப் பதிவேட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்கிறேன். அலுவலகம் ஆதாரம் கேட்கும் நாளில் நம் தாய்மார் தனியே நிற்கக்கூடாது, அவர்களோடு ஊரும் எழுந்து நிற்க வேண்டும்.