49% கணக்கு: ராக்கெட் கம்பெனி யாருக்குச் சொந்தம்?

தென்காசில இருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரே கேள்விதான். நம்ம ஊர்ப் பசங்க ரெண்டு பேர் ராக்கெட் கம்பெனி ஆரம்பிக்கிறாங்கன்னு வைங்க. காசு யார் தருவாங்க? தர்றவங்க எவ்வளவு பங்கு வாங்கலாம்?

சாஃப்ட்வேர்னா கதை வேற. பக்கத்துல மத்தளம்பாறையில 2011-ல ஆபீஸ் போட்ட ஸோஹோ, வெளி முதலீட்டாளர் யாருக்கும் பங்கு விக்காமலே வளர்ந்துச்சு. லேப்டாப்பும் நல்ல டீமும் இருந்தா வண்டி ஓடும். ராக்கெட்ல அது நடக்காது. சென்னை ஐ.ஐ.டி.யில வளர்ந்த அக்னிகுல் 2017-ல ஆரம்பிச்சது. அவங்க சோதனை ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவுல பறந்தது 2024 மே 30. அதுவும் சுற்றுப்பாதைக்குப் போகாத சோதனைதான். அத்தனை வருஷமும் சம்பளம் கொடுக்கணும்ல?

சரி, வெளிநாட்டுக் காசு வாங்கலாமா? வாங்கலாம். 2024 பிப்ரவரியில மத்திய அமைச்சரவை விதியைத் தளர்த்துச்சு, ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. மூணு படி இருக்கு. செயற்கைக்கோளுக்கும் தரை நிலையத்துக்கும் பாகங்கள் செய்யுற கம்பெனின்னா 100%. செயற்கைக்கோளையே செஞ்சு இயக்கினா 74%. ராக்கெட்டும் ஏவுதளமும் மட்டும் 49%. அதுக்கு மேல போகக் கூடாதுன்னு இல்ல, ஆனா அரசு அனுமதி வாங்கணும்.

ராக்கெட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒண்ணு. அதோட ஒரு பழைய காயமும் இருக்கு. 1991-ல சோவியத் யூனியன்கிட்ட கிரையோஜெனிக் இன்ஜின் தொழில்நுட்பம் வாங்க ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா தடை போட்டுச்சு. கடைசியில இன்ஜின் வந்துச்சு, தொழில்நுட்பம் வரல. நாமளே செஞ்ச இன்ஜினோட ஜி.எஸ்.எல்.வி. ஜெயிச்சது 2014 ஜனவரியிலதான். குற்றாலத்துல சாரல் விழுற இதே மலைத்தொடர்ல தெற்கே போனா மகேந்திரகிரி. இஸ்ரோ இன்ஜின்களை டெஸ்ட் பண்ற இடம் அதுதான். அடுத்தவன் கையில சாவி இருந்தா என்ன ஆகும்னு அந்த மலைக்குத் தெரியும்.

ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒவ்வொரு ரவுண்டுலயும் 20% பங்கு கொடுத்து, எல்லாமே வெளிநாட்டுக் காசா வாங்குறீங்க. மூணு ரவுண்டு முடிஞ்சா அவங்க கையில 48.8%. நாலாவது ரவுண்டுல 59%. எல்லை தாண்டியாச்சு! பெரிய ராக்கெட் கட்ட பெரிய காசு தேவைப்படுறதே அந்த நேரத்துலதான். அப்போ போய் அனுமதிக்குக் காத்திருக்கணும், இல்லன்னா உள்ளூர்க் காசு தேடணும்.

அதுக்குத்தான் மத்திய அரசு 2024 அக்டோபர்ல 1,000 கோடி ரூபாய் நிதிக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. ஒரு கம்பெனிக்கு 10-ல இருந்து 60 கோடி வரைக்கும், சுமார் 40 கம்பெனிக்கு. நல்ல விஷயம்தான். ஆனா குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு மட்டும் சுமார் 986 கோடி. ஒரு ஏவுதளத்தோட காசை 40 கம்பெனிக்குப் பிரிச்சுக் கொடுக்குறோம்னு நினைச்சுப் பாருங்க.

என் கருத்து இதுதான்: 49% எல்லை தப்பில்ல. ஆனா கதவை பாதி சாத்துன அரசு, உள்ள இருக்கிறவங்களுக்குச் சோறு போடணும். நிதி மட்டும் பத்தாது, ஆர்டரும் வேணும். "உன் முதல் அஞ்சு ராக்கெட்டை நாங்க வாங்கிக்கிறோம்"னு அரசு ஒரு காகிதம் கொடுத்தா, உள்ளூர் முதலீட்டாளரும் தைரியமா வருவாங்க. அமெரிக்காவுல ஸ்பேஸ்எக்ஸ் தடுமாறிட்டு இருந்த 2008-ல, நாசா கொடுத்த சரக்கு ஒப்பந்தம்தான் அதைத் தூக்கி நிறுத்துச்சு.

இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஏரோ கம்பெனியில சேரும்போது சம்பளத்தோட சேர்த்து, பங்கு யார் கையில எவ்வளவு இருக்குன்னும் கேளுங்க. நாலாவது ரவுண்டு வரும்போது உங்க வேலையும் அந்தக் கணக்குலதான் தொங்கும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!