அந்தப் பத்து நிமிடமும் சம்பள நேரமே

அவையில் கூடியிருக்கும் பனியன் கம்பெனி உரிமையாளர்களே, மருத்துவப் பெருமக்களே, ஷிப்ட் முடித்த களைப்போடு நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே!

இந்தத் திருப்பூர் மண்ணில் நின்று ஒரே ஒரு கோரிக்கை வைக்க வந்திருக்கிறேன். ஒவ்வொரு கம்பெனியிலும் நாள்தோறும் பத்து நிமிடம் உடற்பயிற்சி நடக்க வேண்டும். வேலை நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். அதற்காகக் கூலியில் ஒரு பைசாவும் பிடிக்கக் கூடாது.

வேலைக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு லண்டன் பேருந்துகள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் அந்நகரத்து மாடிப் பேருந்துத் தொழிலாளர்களை ஆராய்ந்தார். முடிவுகள் 1953-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. ஓட்டுநரும் நடத்துநரும் ஓடியது ஒரே வண்டியில்தான். ஓட்டுநர் நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக ஒரு நாளில் 500 படிகளுக்கு மேல் ஏறினார். இதயநோய் ஓட்டுநர்களைத்தான் அதிகம் தாக்கியது. அதிலே சீக்கிரம் இறந்தவர்களும் அவர்களே அதிகம். நடத்துநரை அவருடைய வேலையே காத்தது! அப்படியென்றால், உடம்பை அசையவிடாத வேலையைக் கொடுப்பவர்களுக்கு அந்த அசைவைத் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டா, இல்லையா?

நம் கம்பெனிகளைப் பாருங்கள். பவர் டேபிளில் கழுத்தைக் கவிழ்த்துத் தைக்கிற டைலருக்குக் கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் வலி. செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் நின்றே பொழுதைக் கழிக்கிறவருக்குக் கால் வீக்கம், நரம்புச் சுருட்டல். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இறங்கிய இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் நின்றால் அது அங்கேயே தேங்குகிறது. தசை வேலை செய்யும்போது இரத்தத்திலிருக்கும் சர்க்கரையையும் இழுத்துக்கொள்கிறது. 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயோடு வாழும் நாட்டில் இது சின்ன விஷயமா?

“உடற்பயிற்சியை வீட்டில் செய்துகொள்ளட்டுமே” என்று சில உரிமையாளர்கள் சொல்கிறார்கள். டென்மார்க்கில் மருத்துவமனைகளில் பணிபுரியும் 200 பெண்களிடம் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் வேலை நேரத்தில் சக ஊழியர்களோடு சேர்ந்து, வாரத்துக்கு ஐந்து முறை பத்துப் பத்து நிமிடம் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வீட்டில் தனியாகச் செய்தார்கள். பத்து வாரத்தில், வேலையிடத்தில் செய்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. இதில் வியப்பென்ன? இரவு வீடு திரும்பியதும் உலை வைக்கவும், துணி துவைக்கவும், பிள்ளையைப் பார்க்கவும் ஓடுகிற நம் தாய்மார்களுக்கு வீட்டில் ஏது ஓய்வு நேரம்?

சுவரில் போஸ்டர் ஒட்டுவதும், ஆண்டுக்கொரு நாள் யோகா நடத்திப் படம் எடுப்பதும் போதும் என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் சுமார் 33,000 ஊழியர்கள் கொண்ட ஒரு நிறுவனத்தில் உடல்நல வகுப்புகள் நடத்தினார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, இரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 2019-இல் வெளிவந்த முடிவு இது. அறிவுரை கேட்டு உடம்பு தேறாது. அன்றாடம் அசைந்தால்தான் தேறும்.

ஆகவே உரிமையாளர்களே, காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் மெஷினை நிறுத்துங்கள். டீ டைமில் கை வைக்காதீர்கள். தொழிலாளர்கள் கழுத்தைத் திருப்பட்டும், தோளைச் சுழற்றட்டும், குதிகாலை உயர்த்தி இறக்கட்டும், நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரட்டும். பீஸ் ரேட்டில் தைக்கிறவர் எழுந்து நின்றால் பீஸ் குறையும், கூலி குறையும். அந்தப் பத்து நிமிடக் கூலியையும் கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார். கர்ப்பிணிகளும் இதயநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுச் செய்யட்டும். எவரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். பயிற்சியைக் காட்டி, நல்ல நாற்காலியையும் காற்றோட்டத்தையும் மறுக்கவும் வேண்டாம்.

தோழர்களே, பயிற்சி நேரம் முதலாளி போடும் பிச்சை என்று எண்ணாதீர்கள். அது உங்கள் உழைப்பின் பங்கு. கூச்சப்படாமல் கேளுங்கள், கிடைத்தபின் ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

கடைகளில் நின்றே வேலை செய்தவர்களுக்கு உட்காரும் உரிமையை 2021-இல் சட்டமாக்கிய மாநிலம் நம் தமிழ்நாடு. உட்கார்ந்தே உழைப்பவர்களுக்கு எழுந்து அசையும் உரிமையையும் இந்த மாநிலம் தர வேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கே அமர்ந்திருக்கும் உரிமையாளர்கள் நாளைக் காலை ஷிப்டிலேயே தொடங்கலாம். தொடங்குங்கள் என்று உங்கள் எல்லோரையும் கைகூப்பிக் கேட்டு விடைபெறுகிறேன்.